பழைய கட்டடம் யாருக்கு? மும்பை ஆலை நிலங்கள் தரும் படிப்பினை

(நகர வளர்ச்சியும் மக்கள் உரிமையும் என்னும் பொருளில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நகர்ப் புத்தாக்கம் என்னும் சொல் இன்று இந்திய நகரங்கள் அனைத்திலும் ஒலிக்கிறது. பழைய கட்டடம் நிற்கும் இடத்திலெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுக என்கிறது ஒரு குரல். பழமையின் அழகைக் காப்பாற்றுக என்கிறது மற்றொரு குரல். அந்த நிலம் யாருடையது, அங்கே உழைத்தவர்களும் வாழ்ந்தவர்களும் எங்கே போவார்கள் என்னும் கேள்வியை இவ்விரு குரல்களும் எழுப்புவதில்லை. இக்கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசப்படும் பாரம்பரியப் பாதுகாப்பு, இறுதியில் நில வணிகத்தின் கைக்கருவியாகவே முடியும். மும்பையின் பஞ்சாலைப் பகுதியில் கடந்த 40 ஆண்டுகளாக நடந்தேறியவை இதற்குத் தக்க சான்றாகும்.

பருத்தி எழுப்பிய நகரம்

1854இல் கவாஸ்ஜி நானாபாய் தாவர் தொடங்கிய நூற்பு நெசவுக் கம்பெனியே மும்பையின் முதல் பருத்தி ஆலை. அடுத்த அரை நூற்றாண்டில் தார்தேவ், பைகுல்லா, பரேல், லால்பாக், வொர்லி எனப் புகைபோக்கிகளின் வரிசை நீண்டது. இரத்தினகிரி, சதாரா முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்றோரும் சிறு விவசாயிகளும் வந்து சேர்ந்தனர். அப்பகுதி முழுவதும் 'கிரண்காவ்', அதாவது ஆலைக் கிராமம், என்றே மராத்தியில் வழங்கலாயிற்று.

ஆலைச் சுவரோடு அக்கிராமம் முடிந்துவிடவில்லை. 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகள், ஒரே அறையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்ட தொழிலாளர்கள், அவர்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்கள் நடத்திய சாப்பாட்டு விடுதிகள், உடற்பயிற்சிக் கூடங்கள், நாடகக் கொட்டகைகள், சங்க அலுவலகங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே கிரண்காவ். அண்ணல் அம்பேத்கர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்ததும் பரேலில் இத்தகைய ஒரு சாலில்தான்.

விடுதலைப் போராட்ட வரலாற்றிலும் இப்பகுதிக்கு அழிக்கவியலாத இடமுண்டு. 1908இல் திலகருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இந்தியப் பாட்டாளி வர்க்கத்தின் அரசியல் விழிப்புக்கு அடையாளமாக அதனை லெனின் குறிப்பிட்டு எழுதினார். 1928இல் ஆறு மாத காலம் நீடித்த வேலைநிறுத்தத்தினூடே கிர்ணி காம்கார் யூனியன் எழுந்தது. 1946 பிப்ரவரியில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களுக்கு ஆதரவாக இப்பகுதித் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினர். சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தில் அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக் போன்ற மக்கள் பாடகர்களின் குரல் இந்தச் சால்களின் முற்றங்களில்தான் முழங்கியது.

ஆயினும், பாரம்பரியம் என்றவுடன் நினைவுக்கு வருவது தென் மும்பை மட்டுமே. சத்ரபதி சிவாஜி இரயில் நிலையம் 2004இலும், அதனை அடுத்துள்ள விக்டோரியா காலக் கட்டடங்களும் ஆர்ட் டெகோ கட்டடங்களும் 2018இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அவை காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுள் ஒன்றான ராஜாபாய் கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவர் பருத்தி வணிகத்தில் பெருஞ்செல்வம் திரட்டிய பிரேம்சந்த் ராய்சந்த். பருத்தியின் செல்வத்தால் எழுந்த கோபுரம் உலகச் சொத்தாயிற்று. அதே பருத்தியை நூற்றவர்களின் ஆலையும் குடியிருப்பும் வெறும் மனை நிலமாயின. எது வரலாறு, எது குப்பை என்று பிரிக்கும் இப்பார்வையிலேயே வர்க்கச் சார்பு தொடங்கிவிடுகிறது.

விதிகள் எழுதிய விதி

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றனர். அது முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஆலைகளை நவீனப்படுத்துவதைவிட மூடிவிட்டு நிலத்தை விற்பதே இலாபம் என்னும் கணக்கு முதலாளிகளிடம் வலுப்பெற்றது. நகரின் நடுவே 58 ஆலைகள் வசமிருந்த நிலம் சுமார் 600 ஏக்கர். அவற்றுள் 25 ஆலைகள் தேசிய ஜவுளிக் கழகத்தின் பொறுப்பிலிருந்த பொதுச் சொத்து.

1991இல் மகாராஷ்டிர அரசு கொண்டுவந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, இந்நிலத்தைப் பங்கிட வழி செய்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்கா, விளையாட்டுத் திடல் முதலியவற்றுக்காக மாநகராட்சிக்கு. மற்றொரு பங்கு பொது வீட்டுவசதிக்காக வீட்டுவசதி வாரியத்துக்கு. எஞ்சியது மட்டுமே உரிமையாளருக்கு. தேசிய ஜவுளிக் கழக ஆலைகளை ஒருங்கே திட்டமிட வேண்டும் என்று கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு 1996இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை.

விதியில் ஓர் இடைவெளி இருந்தது. பழைய கட்டடத்தை இடிக்காமல் உள்ளே மட்டும் மாற்றியமைத்துக்கொண்டால் நிலத்தைப் பங்கிட வேண்டியதில்லை. விளைவு என்ன? நூற்புக் கூடங்கள் அலுவலகங்களாகவும் விற்பனை நிலையங்களாகவும் உணவகங்களாகவும் மாறின. கட்டடக்கலை ஏடுகள் இதனை 'மறுபயன்பாடு' எனப் போற்றக்கூடும். நகர மக்களுக்குச் சேர வேண்டிய பங்கைத் தராமல் தப்பிக்கும் உத்தியாகவும் அது இருந்தது.

2001இல் விதி திருத்தப்பட்டது. ஏற்கெனவே காலியாகக் கிடந்த நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும். கட்டடம் நின்ற நிலம், இடித்த பின்னர் முழுமையாக உரிமையாளருக்கே என்றாயிற்று. ஆலை வளாகங்களில் பெரும்பகுதி கட்டடங்களால் நிறைந்தது. எனவே பொதுமக்களின் பங்கு மிகச் சிறிதாகச் சுருங்கியது. சுவரை இடிக்க இடிக்க உரிமையாளரின் நிலம் விரிந்தது. இத்திருத்தத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2005 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் நகர மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இதற்கிடையே, 2005இல் தேசிய ஜவுளிக் கழகத்தின் ஐந்து ஆலைகள் ஏலத்தில் தனியாருக்குப் போயின. மும்பை டெக்ஸ்டைல் ஆலை ஒன்று மட்டுமே 702 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது.

முதல் விதியில் கட்டடம் தப்பியது, மக்களின் பங்கு பறிபோனது. இரண்டாம் விதியில் கட்டடமும் இடிந்தது, பங்கும் பறிபோனது. சுவரின் அழகோ வயதோ இவ்விரண்டு விளைவுகளையும் தீர்மானிக்கவில்லை. நிலத்தின் விலையும் அதனை யாருக்கு அளிப்பது என்னும் அரசின் முடிவுமே தீர்மானித்தன.

உயிர்களின் கணக்கு

இந்த மாற்றத்தின் விலை பணத்தோடு நிற்கவில்லை. ஆலைகள் இருந்த இடத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. நாள்தோறும் பெருந்திரள் வந்து இறங்கியது. ஆனால் அதனை ஏற்கும் அகலமான தெருவோ திறந்தவெளியோ உருவாகவில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் சாலை இரயில் நிலைய நடைமேம்பால நெரிசலில் 23 பேர் மாண்டனர். சரியாக மூன்று மாதங்கள் கழித்து, டிசம்பர் 29 அன்று, கமலா ஆலை வளாகத்தின் மாடிக் கேளிக்கை விடுதியில் பற்றிய தீ 14 உயிர்களைக் குடித்தது. மறுபயன்பாடு என்பது பெயர்ப்பலகையை மாற்றும் வேலையன்று. நெருப்பிலிருந்து வெளியேறும் வழி, தாங்கும் வலிமை, முறையான ஆய்வு ஆகியவை இல்லாத பழைய கட்டடம், பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஆகாது.

ஆலையை இழந்தவர்களின் நிலை என்ன? நீண்ட போராட்டத்திற்குப் பின்னரே ஆலை நிலத்தில் தொழிலாளர்களுக்கு வீடு என்னும் கொள்கை ஏற்கப்பட்டது. 2012இல் நடந்த குலுக்கலில் ஒதுக்கப்பட்டவை 6,925 வீடுகள். விண்ணப்பித்துக் காத்திருந்த தொழிலாளர்களும் வாரிசுகளுமோ ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

சாலில் வாழ்பவரின் நியாயம்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பழைய குடியிருப்புகளை எல்லாம் அப்படியே காக்க வேண்டுமா? 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ், என்.எம். ஜோஷி சாலை, சிவ்டி ஆகிய இடங்களில் 207 சால் கட்டடங்களை எழுப்பியது. ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி அறை, கழிப்பறை பொது. மூன்று தலைமுறையாக அந்த அறைக்குள் பிள்ளை பெற்று வளர்த்த பெண்ணிடம், 'உன் வீடு வரலாற்றுச் சின்னம், எனவே இப்படியே இரு' என்று சொல்வது கொடுமை. அவர்கள் தனிக் கழிப்பறையும் நல்ல வீடும் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதற்கட்டமாக 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீடுகள் வழங்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே.

ஆனால் அங்கேயும் கணக்கைக் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய குடியிருப்பாளரை நெருக்கமான கோபுரங்களில் ஏற்றிவிட்டு, மிஞ்சும் நிலத்தில் சந்தை விலைக்கு விற்கும் கோபுரங்களை எழுப்புவதே இன்றைய மறுமேம்பாட்டின் பொது வழி. காற்றும் வெளிச்சமும் புதிய வீட்டில் எவ்வளவு? உயர்கோபுரத்தின் பராமரிப்புச் செலவை ஓய்வூதியமற்ற முதிய தொழிலாளி எவ்வாறு தாங்குவார்? பலர் வீட்டை விற்றுவிட்டு நகரின் எல்லைக்கு ஒதுங்க நேர்ந்தால், சட்டத்தின் துணையின்றியே நடந்த வெளியேற்றமாக அது ஆகிவிடாதா? ஆகவே பாரம்பரியமா, வீட்டுவசதியா என்று எதிரெதிராக நிறுத்துவதே தவறு. இரண்டுக்கும் தேவையான நிலத்தைச் சந்தைக்குக் கொடுத்துவிட்ட பிறகு, மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ளுமாறு ஏழைகளையும் பாரம்பரிய ஆர்வலர்களையும் மோதவிடும் ஏற்பாடு அது.

மக்கள் கையில் மறுபயன்பாடு

வேறு வழி உண்டு என்பதற்கும் சான்றுகள் உள்ளன. பைகுல்லாவிலுள்ள பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் மாநகராட்சிக்குச் சொந்தமான 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சீரழிந்து கிடந்த அது செம்மையாகப் புதுப்பிக்கப்பட்டு 2005இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதையும் பெற்றது. மாநகராட்சியின் சொத்தாகவே அது தொடர்கிறது. தாதரில் இந்து மில் நிலத்தின் 12 ஏக்கர் அம்பேத்கர் நினைவிடத்துக்குக் கிடைத்தது தலித் இயக்கங்களின் போராட்டத்தால்தான். காலாச்சௌகியிலுள்ள இந்தியா யுனைடெட் ஆலை வளாகத்தில் ஜவுளி அருங்காட்சியகம் அமைக்கும் திட்டமும் மாநகராட்சியிடம் உள்ளது.

கேரளத்தின் ஆலப்புழை இன்னொரு எடுத்துக்காட்டு. கயிற்றுத் தொழிலின் தலைநகரான அங்கே, பயன்பாடற்றுப் போன கயிற்று ஆலைகளையும் கிடங்குகளையும் அருங்காட்சியகங்களாகவும் பண்பாட்டுக் கூடங்களாகவும் மாற்றும் பணியை மாநில அரசே மேற்கொண்டது. 2021இல் 'லோகமே தறவாடு' என்னும் பெரும் கலைக்காட்சிக்கு அக்கிடங்குகள் இடமளித்தன.

ஆலைக் கட்டடங்கள் இத்தகைய பயன்பாட்டுக்கு இயல்பாகவே ஏற்றவை. கனத்த கல் சுவர்கள், வார்ப்பிரும்புத் தூண்கள், அகன்ற கூடங்கள், நெசவாளியின் கண்ணுக்கு நிழலற்ற சீரான ஒளியைத் தருவதற்கென அமைத்த ரம்பப்பல் வடிவக் கூரைகள் ஆகியவற்றை அவை கொண்டுள்ளன. நூலகம், தொழிற்பயிற்சிப் பள்ளி, குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, கூட்டுறவு அங்காடி ஆகியவற்றுக்கு இதைவிடச் சிறந்த கூடம் எளிதில் அமையாது. இடிபாட்டுத் தூசும் புதுச் சிமெண்டும் தவிர்க்கப்படுவது கூடுதல் பயன்.

கோரிக்கைகள்

அரசியல் சட்டத்தின் 49ஆம் பிரிவு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காக்கும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. ஆனால் 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட சின்னங்களையே கருதுகிறது. அறுபது ஆண்டுகூட நிறையவில்லை என்னும் காரணத்தால், 1972இல் எழுந்த தில்லியின் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' பாரம்பரியத் தகுதி பெறவில்லை. 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. வயதை மட்டும் அளக்கும் சட்டம் உழைப்பின் வரலாற்றைக் காக்காது.

எனவே முன்வைக்கப்பட வேண்டிய கோரிக்கைகள் இவை. பொதுத்துறை நிலம் எதுவும் ஏலத்துக்குப் போகக்கூடாது. பயன்பாடு மாறலாம், உரிமை பொதுமக்களிடமே இருக்க வேண்டும். ஆலைகள், சால்கள், சங்க அலுவலகங்கள், தொழிலாளர் கலைக்கூடங்கள் ஆகியவற்றைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் கணக்கெடுப்பு, இடிப்பதற்கு முன்னரே நடைபெற வேண்டும். குடியிருப்போரின் ஒப்புதலும் அதே இடத்தில் தரமான வீடும் முதல் நிபந்தனையாக வேண்டும். மறுபயன்பாட்டுக்கு அனுமதி பெறும் ஒவ்வொரு வளாகமும் நிலப் பங்கீட்டு விதிக்குக் கட்டுப்பட வேண்டும். தீப் பாதுகாப்பு ஆய்வு அறிக்கை பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

இன்று பரேலில் ஒரு வணிக வளாகத்தின் நடுவே பீனிக்ஸ் ஆலையின் புகைபோக்கி அலங்காரச் சின்னமாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதனடியில் நின்று படமெடுத்துக்கொள்ளும் இளைஞர்களுக்கு, அது ஒரு காலத்தில் யாருடைய வியர்வையில் புகைந்தது என்று சொல்ல அங்கே எவருமில்லை. அதைச் சொல்லும் கடமை உழைப்பாளர் இயக்கத்துக்கு உண்டு. எஞ்சியுள்ள ஆலை நிலம் எவர் கைக்குப் போகிறது என்று கண்காணிக்கும் கடமை அதைவிடப் பெரிது. நகர்தோறும் இயக்கக் கிளைகள் தத்தம் பகுதியின் பழைய ஆலை, அச்சகம், பணிமனை, குடியிருப்பு ஆகியவற்றைப் பட்டியலிடும் பணியை உடனே தொடங்க வேண்டும். இடிப்பு எந்திரம் வந்து நின்ற பின்னர் எழுதப்படும் மனு எந்தச் சுவரையும் காத்ததில்லை.