முதிராத மரத்தில் கத்தி வைப்பதில்லை

(கருத்தரங்கத் தலைமை உரை)



தலைமை உரை நீளக்கூடாது என்று செயலாளர் என் காதோடு சொல்லிவிட்டுத்தான் மேடையேற்றினார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் ஒலிவாங்கியைக் கொடுப்பதிலுள்ள ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்கிறது. முடிந்தவரை அடங்குகிறேன்.

இந்த ஊரின் பெயர்ப்பலகையில் இன்று 'பெஸ்தாரி ஜெயா' என்று இருக்கிறது. நம் வாயில் மட்டும் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். 'பெஸ்தாரி' என்ற மலாய்ச் சொல்லுக்கு அறிவும் கல்வியும் உடையவர் என்று பொருள். ஊரின் பெயருக்குள் கல்வி வந்துவிட்டது. சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகமே இங்கே எழுந்துவிட்டது. ஆனால் அந்த வளாகத்தின் வேலியோரம் மோட்டார் சைக்கிளில் போகும் நம் பையன்களில் எத்தனை பேர் அதன் வாசலுக்குள் திரும்புகிறார்கள்? இன்றைய கருத்தரங்கின் கேள்வி அதுதான்.

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரிடம் நான் கற்ற தாவரவியல் கொஞ்சம் உண்டு. ரப்பர்க் கன்றை நட்டவுடன் யாரும் கத்தியோடு போவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருப்பார்கள். பிறகு மரத்தைச் சுற்றி நாடா பிடித்து, இருபது அங்குலம் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான மரங்கள் அந்தச் சுற்றளவுக்கு வந்த பின்தான் அந்தக் காட்டை வெட்டுக்குத் திறப்பார்கள். அதற்கு முன் வெட்டினாலும் பால் வரத்தான் செய்யும். ஆனால் மரம் பருக்காது. இன்றைக்குக் கிடைத்த ஒரு கோப்பைப் பாலுக்காக, இருபத்தைந்து ஆண்டுப் பாலை இழந்தவர்கள் ஆவோம். இதைத் தோட்ட நிர்வாகங்கள் நன்றாக அறிந்திருந்தன. மரத்துக்குச் சுற்றளவு பார்த்தவர்கள், அதே மரத்தடியில் அம்மாவோடு குனிந்து ஒட்டுப்பால் பொறுக்கிய பிள்ளைக்கு மட்டும் எதையும் பார்க்கவில்லை.

சட்டம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தது. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். பல இடங்களில் அது ஒரு கொட்டகை. வாத்தியார் ஒரு கிராணி அல்லது கங்காணி. தோட்டத்தில் பிறந்தவனைத் தோட்டத்துக்கே தயார்செய்யும் கல்வி. அது போதாது என்பதைப் படித்தவர்கள் மட்டும் சொல்லவில்லை. 1941-இல் ஆர்.எச்.நாதனும் தோழர்களும் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு ஆகியவற்றோடு பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. படிப்பின் அருமை தோட்டத்து மக்களுக்குத் தெரியாது என்று இன்றும் சிலர் கட்டுரை எழுதுகிறார்கள். துப்பாக்கிக்கு முன்னால் நின்று அதைக் கேட்டவர்கள் நம் பாட்டன்மார்.

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520-க்குச் சற்று மேல். ஆனால் நம் பேச்சு தொடக்கப்பள்ளியைப் பற்றியதல்ல, அதற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றியது. 1964 வரை ஆறாம் ஆண்டு முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத்தேர்வு என்றொரு வாசல் இருந்தது. தேறாத பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் பன்னிரண்டு வயதோடு முடிந்தது. அந்தத் தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் மூன்றாம் படிவம் வரை, அதாவது பதினைந்து வயது வரை, எல்லோரும் படிக்கலாம் என்றானது. அந்த மாற்றத்தால் பிழைத்தவர்களில் நானும் ஒருவன். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன எங்களுக்கு மொழி பழக ஓர் ஆண்டுப் புகுமுக வகுப்பு. வகுப்பு நிறையப் போனோம். மூன்றாம் படிவத் தேர்வுக்குப் பின் திரும்பிப் பார்த்தால் பாதி நாற்காலி காலி.

நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். நம் பிள்ளைகள் பள்ளியில் காணாமற்போவதில்லை. ஒரு பள்ளிக்கும் அடுத்த பள்ளிக்கும் இடையில் காணாமற்போகிறார்கள். சட்டம் ஒவ்வொரு முறையும் ஒரு விரிசலை அடைத்தது. விரிசல் அடுத்த இணைப்புக்கு நகர்ந்தது. ஆறாம் ஆண்டில் அடைத்தோம், மூன்றாம் படிவத்தில் விட்டது. தொண்ணூறுகளில் ஐந்தாம் படிவம் வரை பாதை திறந்தது, அதன் முடிவிலுள்ள எஸ்.பி.எம். தேர்வின் வாசலில் விட்டது. 2003-இல் தொடக்கக்கல்வி கட்டாயமானது. தவறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் என்றும் சட்டம் சொன்னது. இடைநிலைக்கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை 2025-இல் நிறைவேற்றியது. மனமார வரவேற்கிறேன். ஆனால் விரிசல் அடுத்து எங்கே நகரும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஏன் விட்டுப்போனார்கள் என்று கேட்டால், அக்கறை இல்லை, பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்பார்கள். நான் ஒரு வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். அன்று லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை, தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். அப்பாவுக்கு வயது ஐம்பத்தைந்தை நெருங்கும்போது அந்த வீட்டில் ஒருவர் பெயராவது பெரட்டில், அதாவது வேலைக்கான காலைப் பெயரழைப்பில், இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான். மூன்றாம் படிவம் முடித்த மூத்த மகன் கத்தியை எடுத்தது படிப்பு கசந்ததால் அல்ல. தம்பி தங்கைகளின் தலைக்குமேல் கூரை இருக்க வேண்டும் என்பதால். மூத்த மகளை வீட்டில் நிறுத்தியதும் அதே கணக்கில்தான். விடியுமுன் அம்மா வெட்டுக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? 1973-இல் வெளிவந்த இடைவிலகல் ஆய்வறிக்கையில் வறுமைக்கும் படிப்பை நிறுத்துவதற்கும் உள்ள உறவைப் படித்தபோது, எங்கள் லயத்து வாசலில் நடந்ததை யாரோ தட்டச்சு செய்தது போலிருந்தது.

அந்தக் கணக்கில் ஒரு கொடுமை இருந்தது. ஆனால் ஒரு பிடிமானமும் இருந்தது. படிப்பு விட்டுப்போனால் தோட்டம் தாங்கியது. இன்று அந்தப் பிடிமானமும் இல்லை. இங்கே பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. காதுக்குத் தமிழாகவே ஒலிக்கும் பெயர். அங்கேதான் 1917-இல் ஆன்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. பிற்காலத்தில் நாடு முழுதும் ரப்பர்க் காடுகள் செம்பனையாக மாறின. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. குடும்பங்கள் வெளியேறின. அவர் நட்ட மரம் நம் ஊரை இப்படி மாற்றும் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. இந்த ஊரில் ஈயம் வாரிய கப்பல்களும் நின்றுபோய்க் குட்டைகள் மட்டும் மிஞ்சின. பதினேழு வயதில் படிப்பை நிறுத்துகிறவனுக்குத் திரும்பிப்போக இன்று ஒரு தோட்டம் இல்லை.

அவனுக்கு முன்னால் இருப்பது என்ன? எஸ்.பி.எம். எழுதி முடிக்கிறான். முடிவு வரச் சில மாதங்கள். பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பம், அழைப்புக் கடிதம் என்று மேலும் சில மாதங்கள். சும்மா இருக்காதே என்று வீட்டில் சொல்கிறார்கள்; நியாயம்தான். தொழிற்சாலையிலோ பேரங்காடியிலோ சேர்கிறான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்த வீட்டில் பதினேழு வயதில் அவ்வளவு பணத்தை எவரும் பார்த்ததில்லை. மூன்றாம் மாதம் தவணையில் மோட்டார் சைக்கிள். அதன்பின் ஆறாம் படிவத்துக்கோ மெட்ரிகுலேஷனுக்கோ அழைப்பு வந்தாலும் தவணையை யார் கட்டுவது? அவன் படிப்பை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அந்தச் சில மாதங்களில் யாரும் அவனைக் கேட்கவும் இல்லை. அந்த மாதங்களில் அவன் எந்த ஆசிரியரின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை, எந்த அமைச்சின் பட்டியலிலும் இல்லை.

ஒரு காலத்தில் பெண்பிள்ளைக்காகத்தான் பயந்தோம். இன்று நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மை. நழுவிப்போகிறவர்கள் பெரும்பாலும் பையன்கள். ஆய்வாளர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

எஸ்.பி.எம். சான்றிதழே கைக்கு வராதவர்களும் உண்டு. மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்தும் மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தவறினால் சான்றிதழ் இல்லை. அந்தப் பாடத்தை மறுபடி எழுதலாம் என்ற செய்தி, அது தேவைப்படும் பிள்ளையின் வீட்டை எட்டுவதேயில்லை. ஒரு பாடம், சில மாதப் பயிற்சி, ஒரு தேர்வுக் கட்டணம். அதற்குள் ஒரு வாழ்க்கை அடங்கியிருக்கிறது. நம் கோயில் மண்டபங்களில் அந்த வகுப்புக்கு இடமில்லையா?

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கேயாவது சேர்த்துவிட்டால் போதும் என்பதும் ஆபத்து. அங்கீகாரம் பெறாத டிப்ளோமாவுக்குக் கடன் வாங்கி, சான்றிதழும் பயன்படாமல், கடனும் தீராமல் நிற்கும் இளைஞர்களை நான் அறிவேன். படிப்பைத் தொடர்வது என்றால் பட்டம் மட்டுமே என்ற நினைப்பும் போக வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழ் முறையில் ஐந்து நிலைகள் உண்டு. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர்நிலை டிப்ளோமா. வடக்கே சபாக் பெர்ணமில் சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. ஆசிரியராக விரும்புகிறவருக்குத் தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகம் இருக்கிறது. பற்றவைப்புத் தொழிலை முறையாகக் கற்றவனும் படித்தவனே. கல்யாணப் பேச்சில் நாம் அப்படிச் சொல்லப் பழகினால் பிள்ளைகளும் நம்புவார்கள்.

பணத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2022 முதல் புதுமைப்பெண் திட்டம் நடக்கிறது. அரசுப்பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. 2024-இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது. தொகை பெரிதல்ல. அது மாதந்தோறும் வருவதில்தான் சூட்சுமம். வறுமை மாதக் கணக்கில் வருகிறது; நம் உபகாரச் சம்பளங்களோ பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை, மாலை மரியாதை, மாதிரிக் காசோலையோடு வருகின்றன. பேருந்துக் கட்டணம் காசோலைக்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். அதைக் கல்வி இலாகா எண்ணிக்கொள்ளும். இடையில் இருப்பவர்களை எண்ணுங்கள். இந்த வட்டாரத்தில் இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். தேர்வு முடிந்த மறுவாரம், முடிவு வந்த அன்று, அழைப்புக் கடிதம் வரும் நேரம் என்று மூன்று முறை யாராவது ஒருவர் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், முன்னாள் மாணவர், யாராயினும் சரி. கணினி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடைக்காரர் கடன் எழுதும் நோட்டே போதும்.

முடிக்கிறேன். நான் மூன்றாம் படிவம் தேறியபோது எங்கள் வீட்டுக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஒரு விடியற்காலை, பெரட்டுக்களத்தில், தண்டல் அப்பாவிடம் கேட்டார்: "பையன் வளந்துட்டானே, பேரைச் சேத்துடலாமா?" வீடு போய்விடுமோ என்ற பயம் அப்பாவுக்கு இல்லாமல் இல்லை. தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாராம்:

"இன்னும் சுத்தளவு வரலீங்க. ரெண்டு வருசம் போகட்டும்."

அந்த இரண்டு வருடத்தில்தான் நான் இந்த மேடைக்கு வந்து சேர்ந்தேன். பின்சுவரோரம் நிற்கும் பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.