புகைக் குழாயும் பொருத்தமும்

என்னிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. உத்தரபாராத் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆதலால், புகைக் குழாய் துருப்பிடித்தால் வெளிச்சந்தையில் கிடைப்பதையே வாங்க வேண்டியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பட்டறையில் பூட்டிய புதுக் குழாய் அளவு ஒவ்வாமல் அடித்தட்டில் இடித்து ஓசையெழுப்பிற்று. இணைப்பிலும் புகை கசிந்தது.

ஓசை சிறு தொல்லை; கசிவோ பெருந்தீங்கு. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அடித்தட்டின் துவாரங்கள் வழியே அது காருக்குள் புகுந்துவிடும். குருதியிலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் தோன்றும். அளவு மிகுந்தால் உயிரே போகும்.

இராஜபாளையத்து மெக்கானிக் ஒருவர் அதனைச் செப்பனிட்ட முறை கவனிக்கத்தக்கது. போல்ட்டுகளை இன்னும் முறுக்கிக் குழாயை இழுத்துப் பிடிக்க அவர் முயலவில்லை. எல்லா இணைப்புகளையும் தளர்த்தினார். நசுங்கிய கேஸ்கட்டை மாற்றினார். குழாயை ரப்பர் தாங்கிகளில் தொங்கவிட்டு, சுற்றிலும் விரலிடை வெளி விட்டார். பின்னர் எஞ்சின் பக்கத்திலிருந்து வரிசையாக முடுக்கினார். ஓடும்போது எஞ்சின் அசையும். விறைப்பாகக் கட்டிய குழாய் அவ்வசைவு தாங்காமல் விரிசல் காணும் என்றார். குழாய் சூடேறுமுன் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, எஞ்சினை ஓட்டி, குமிழி எழவில்லை என்று கண்ட பின்னரே காரைத் தந்தார்.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். பயணத்தில் தலை கனத்தால் உடனே வண்டியை நிறுத்தச் சொல்லி வெளியே வாருங்கள். பொருந்தாததை வலிந்து இறுக்குவதால் பொருத்தம் வாராது. அளவறிந்து அமைப்பதே தொழில்.