பெயர் படத்தோடேயே இருக்கட்டும்
(புனேயில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஒழுங்கு செய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று பேசச் சொன்னார்கள். பெயரை உடனே சொல்லிவிட்டால் எல்லோரும் காபிக்கு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பலர் ரயில்வே, ஏ.ஜி. ஆபீஸ், பாங்க் என்று மாற்றல் உத்தியோகத்தில் ஊர் ஊராகப் போன குடும்பங்கள். ஒரே கல்யாணத்தின் படங்கள் பாதி நாக்பூரில் பெரியப்பா அகத்திலும், பாதி மாட்டுங்காவில் அத்தையிடமும் இருக்கும். குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில், பஞ்சகச்சத்தின் மேல் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பவர் யார்? அதைச் சொல்லக்கூடியவர் இன்று குடும்பத்திலேயே ஒருவரோ இருவரோதான், அவர்களுக்கும் எண்பத்தைந்து வயது. ஸ்கேன் செய்வது சுலபம். அந்த மாமி சொல்லும் பெயரை எங்கே எழுதி வைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

பிகாசாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2004ல் கூகுள் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது, 2016ல் நிறுத்திவிட்டது. அதில் படத்தின் கீழே டைப் அடித்த குறிப்பு, ஜேபெக் படமானால், படத்துக்குள்ளேயே பதிவாகும். ஆனால் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுக் கொடுத்த பெயர் சாதாரணமாகப் படத்துக்குள் போகாது. அது ஃபோல்டரில் இருக்கும் 'பிகாசா.இனி' என்ற சின்ன ஃபைலிலும், புரோகிராமின் சொந்தக் கணக்கிலும் இருக்கும். படங்களை மட்டும் சி.டி.யில் போட்டுப் பிள்ளைக்கு அனுப்பினால் குறிப்பு போய்ச் சேரும், முகத்தின் பெயர் போகாது. ஒரே சாஃப்ட்வேர், ஒரே சாயங்காலத்தில் செய்த வேலை. அதில் ஒன்று பிழைத்தது, மற்றொன்று பிழைக்கவில்லை.

ஆப்பிளின் அபெர்ச்சரும் அப்படித்தான். 2005ல் வந்தது, 2014ல் கைவிட்டார்கள், 2019க்குப் பிறகு வந்த மாக் சிஸ்டங்களில் திறப்பதே இல்லை. கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் நின்றுபோயிற்று. அங்கே நீங்கள் எழுதும் விவரம் படத்துக்குள் போவதில்லை. படங்களை மொத்தமாகத் திரும்ப இறக்கிக்கொள்ளும்போது தனி ஃபைலாகக் கூடவே வரும். அதைப் படத்தோடு சேர்க்கத் தெரிந்த பேரன் ஒருவன் வேண்டும்!

ஆகவே கடைக்காரரிடமோ பிள்ளையிடமோ கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நான் எழுதும் பெயரை இது படத்துக்குள் எழுதுமா?" அப்படி எழுதுவதற்கு ஐ.பி.டி.சி., எக்ஸ்.எம்.பி. என்று இரண்டு பொது முறைகள் உண்டு. நாம் தமிழில் எழுதுகிறவர்கள், எக்ஸ்.எம்.பி.யே மேல். பழைய ஐ.பி.டி.சி.யில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும்; புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 'வெங்கடசுப்ரமணியன்' என்று எழுதும்போதே பெரும்பாலான இடம் போய்விடும், நீளமான ஊர்ப் பெயருக்கு இருக்காது.

இப்போது பெயர்கள். டிஜிகேம் என்று ஒன்று இருக்கிறது. காசு கிடையாது, விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முகங்களைக் கண்டுபிடிக்கும், பெயரைப் படத்துக்குள் எழுதும். செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதியில் அதற்கான கட்டங்களில் டிக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்வைக்குக் கொஞ்சம் நெரிசல்தான். அடோபியின் லைட்ரூம் படத்தைச் சரிசெய்வதில் வெகு நேர்த்தி. ஆனால் ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் வழி 2015ல் வந்த 6வது பதிப்போடு முடிந்தது, இப்போது சந்தாதான். அதிலும் படத்துக்குள் எழுதும் வசதி உண்டு, நாமாகப் போய் இயக்கிவைக்க வேண்டும். தொழிலுக்காகப் படம் எடுப்பவர்களுக்கு அது சரி. பென்ஷன்காரருக்கு அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

தேதியையும் மாற்றுங்கள். 1958 உபநயனப் படம், ஸ்கேன் செய்த நாளின் தேதியோடு, போன மாதக் கொலுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். டிஜிகேமிலேயே திருத்தலாம்.

மங்கிய படத்துக்கு வெளிச்சம் கூட்டலாம், கறை நீக்கலாம். மூலப் படத்தைத் தொடாமல் நகலில் செய்யுங்கள். தூசி எடுக்கும் வசதி பாட்டியின் வைர மூக்குத்தியையும் தூசி என்று நினைத்து எடுத்துவிடக்கூடும். இப்போது ஏ.ஐ. வேறு வந்திருக்கிறது. தெளிவில்லாத முகத்தை அழகாகத் தெளிவாக்கித் தருகிறது. ஆனால் அங்கே இல்லாத கண்ணையும் மூக்கையும் அது ஊகித்துப் போடுகிறது. வருவது பாட்டியின் முகம் அல்ல, பாட்டி மாதிரி ஒருத்தி. அப்படிச் செய்த படத்தை மூலத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும்.

கடைசியாக வாட்ஸ்அப். போட்டோவாக அனுப்பினால் உள்ளே எழுதிய பெயர், தேதி எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு, படத்தையும் சுருக்கி அனுப்புகிறது. டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

எந்த சாஃப்ட்வேரையும் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். ஒரு படத்தில் பெயரைக் குறிச்சொல்லாகக் கொடுத்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் பென்டிரைவில் எடுத்து, அந்த சாஃப்ட்வேர் இல்லாத விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் என்று திறந்து பாருங்கள். டேக்ஸ் என்ற வரியில் பெயர் இருந்தால் சரி. நான் இரண்டு லேப்டாப் கொண்டுவந்திருக்கிறேன்; காபி வருவதற்குள், படம் கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், செய்தே பார்த்துவிடலாம்.