மேட்டு நிலத்துக்கு எந்த டிராக்டர்?

(லூபோக் சீனாவில், பால்வெட்டும் தோழர்களும் சிறு ரப்பர் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களும் கூடிய கூட்டத்தில் கிளைச் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் சம்பளத்தைப் பற்றியோ போனசைப் பற்றியோ பேச எழுந்து நிற்கவில்லை. ஒரு டிராக்டரைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். "டிராக்டரைப் பற்றிக் கிராணிக்கு என்ன தெரியும்? மெக்கானிக்கைக் கூப்பிட்டால் போதாதா?" என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் உட்காரமாட்டோம்.

முதலில் நமது நிலைமையைப் பார்ப்போம். நம் மாநிலத்தில் ரப்பர் நின்ற இடங்களில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கிறது. எஞ்சியிருப்பவற்றுள் நம் பதினான்கு குடும்பங்கள் வைத்திருக்கும் மேட்டு நிலமும் ஒன்று. அங்கே உர மூட்டை ஏறுவது தோளில். கட்டிப்பால் இறங்குவது காண்டாக் கம்பில். மோட்டார் சைக்கிளில் கட்டி இறக்கியவர்கள் இரண்டு பேர் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார்கள். ஆகவே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு டிராக்டர் வாங்குவதென்று முடிவு செய்தோம்.

கூடிப் பணம் போடுவது நமக்குப் புதிதல்ல. 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் லயத்தைவிட்டுத் தெருவுக்கு வந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுகிறவர்கள் கொடுத்த சிறு தொகைகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. சிறு துளி பெருவெள்ளம் என்பதை நம்மவர் அப்போதே செய்து காட்டினார்கள். அப்படிச் சேர்ந்த வெள்ளியை ஆராயாமல் செலவு செய்யக் கூடாது என்பதும் அந்தப் பாடத்தோடு சேர்ந்ததே.

இப்பொழுது நம் முன்னால் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று, 75 குதிரைச் சக்தியுள்ள பழைய பெரிய டிராக்டர். விலை மலிவு. மற்றொன்று, 35 குதிரைச் சக்தியுள்ள சிறியது, நான்கு சக்கரமும் இழுக்கும், விலை கூட. நம்மில் பெரும்பாலோர் பெரியதன் பக்கமே சாய்ந்திருக்கிறார்கள். "பெரிசு, பலம், அதுவும் மலிவு, பிறகென்ன யோசனை?" என்கிறார்கள். பிறகுதான் யோசனையே இருக்கிறது, தோழர்களே.

சக்தி வேறு, பிடிப்பு வேறு

உங்கள் நிலம் எவ்வளவு சரிவு என்று முதலில் அளந்து பாருங்கள். இதற்குப் படித்தவர் வரவேண்டியதில்லை. பத்தடி நீளமுள்ள நேரான கம்பு ஒன்றை எடுங்கள். மேட்டுப் பக்கத்து நுனியைத் தரையில் வைத்து, மறு நுனியைத் தூக்கிக் கம்பை மட்டமாகப் பிடியுங்கள். மேஸ்திரியின் மட்டப்பலகை ஒன்று கம்பின் மேல் இருந்தால் போதும். தூக்கிய நுனிக்கும் தரைக்கும் இடையே இரண்டடி இருந்தால் அது ஐந்துக்கு ஒன்று சரிவு. சென்ற ஞாயிறன்று நம் பாதையை இப்படித்தான் அளந்தோம். மிகவும் செங்குத்தான இடம் அந்த ஐந்துக்கு ஒன்றுதான்.

இனிக் கணக்கு. ஒன்றரை டன் எடையுள்ள டிராக்டர். அரை டன் டிரெய்லர். அதில் 50 கிலோ உர மூட்டை 20, அதாவது ஒரு டன். மொத்தம் மூன்று டன். ஐந்துக்கு ஒன்று சரிவில் இந்த மூன்று டன்னும் ஏறக்குறைய 600 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். மண்ணின் இழுப்பையும் சேர்த்து 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 4 கிலோமீட்டர், அதாவது மனிதன் நடக்கும் வேகத்தில் இதை மேலே கொண்டுபோகச் சக்கரத்தில் வேண்டிய சக்தி எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 13 குதிரைச் சக்தி! எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் வீணாவதைச் சேர்த்தாலும் 20ஐத் தாண்டாது. 75 எதற்கு?

மேட்டில் டிராக்டர் நின்றுவிடுகிறதென்றால், பெரும்பாலும் எஞ்சினுக்குப் பலமில்லாமல் அல்ல. மண்ணில் பிடிப்பில்லாமல் சக்கரம் சுழல்வதால்தான். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் முன் சக்கரத்தின் மேலுள்ள எடை பிடிப்புக்கு உதவாது. நான்கும் இழுத்தால் முழு எடையும் உதவும். எனினும் மழையில் நனைந்த செம்மண்ணில் எந்த வண்டியும் வழுக்கும். மழை நாளில் பாதிச் சுமை ஏற்றுங்கள்; அல்லது நாளைக்குப் போங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதே பெரிது

ஏறாத வண்டி நின்றுவிடும். அதனால் நஷ்டம் ஒரு நாள் வேலை. இறங்கும்போது நிற்காத வண்டி ஆளைக் கொல்லும். நாம் சொன்ன அதே டிரெய்லர், சுமையோடு கீழே இறங்கும்போது டிராக்டரின் முதுகில் 300 கிலோ விசையோடு சாயும். ஆறு உர மூட்டைகள் பின்னாலிருந்து தள்ளுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் இலேசாக இருந்தால் டிரெய்லர் அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பள்ளத்தில் தள்ளிவிடும். ஆகவே மிகச் சிறிய வண்டியும் நமக்கு ஆகாது. தனியாகப் பிரேக் இல்லாத டிரெய்லரில், டிரெய்லரும் சுமையும் சேர்ந்து டிராக்டரின் எடையைத் தாண்டக் கூடாது. மேட்டு நிலத்தில் அதற்கும் குறைவாகவே இருக்க வேண்டும். டிரெய்லருக்கே பிரேக் இருப்பது எல்லாவற்றிலும் நல்லது.

இறங்குவதற்கு முன்பே சிறிய கியரைப் போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிடித்திருந்த பிடி விட்டுப்போகும். பிறகு வண்டி நம் கையில் இல்லை. நான்கு சக்கரத்தையும் இணைத்து இறங்கினால் எஞ்சினின் பிடி முன் சக்கரங்களுக்கும் கிடைக்கும். இடது வலது என்று இரண்டு பிரேக் மிதிகள் உள்ள வண்டியில், பாதையில் போகும்போது இரண்டையும் கொக்கியால் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழன்றுவிடும்.

அகலமும் உயரமும்

தலையில் தண்ணீர்க் குடம் வைத்திருக்கும் அம்மா, தரை வழுக்கினால் என்ன செய்கிறார்? காலை அகட்டி வைக்கிறார். டிராக்டருக்கும் அதுவே சாஸ்திரம். சக்கரம் அகன்றும் எடை தாழ்ந்தும் இருந்தால் நிற்கும். சக்கரம் ஒடுங்கியும் எடை உயர்ந்தும் இருந்தால் கவிழும். "அப்படியானால் பெரிய வண்டிக்கு அகலம் அதிகமல்லவா?" என்று கேட்பீர்கள். அதிகம்தான். ஆனால் நம் சரிவில் வெட்டிய படிகள் அதற்கு இடம் கொடுக்குமா? நாம் அளந்ததில் பல படிகள் ஏழடிதான். அந்தப் பெரிய வண்டியின் அகலம் ஆறரை அடி. வெளி ஓரத்தில் குறைந்தது இரண்டடி விட்டுத்தான் சக்கரம் போகவேண்டும். ஓர மண் இளகிய மண். சிறிய வண்டி ஐந்தடி. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதுமட்டுமல்ல. மூன்று டன் வண்டி திரும்பத் திரும்ப ஓடினால் படியின் ஓரம் இடியும். சக்கரத் தடம் வாய்க்காலாகும். மழை நீர் மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும். ரப்பர் மரம் உணவு தேடும் வேர்கள் அந்த மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மரத்தை நசுக்கி உரத்தை ஏற்றுவதில் என்ன லாபம்?

சிறிய வண்டி என்றால் இளக்காரம் வேண்டாம். இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சாம்பல் நிறப் பெர்குசன் டிராக்டரின் எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம்தான், சக்தியும் முப்பதுக்குள்தான். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து உலகமெங்கும் ஓட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழுவதுண்டு. ஹாரி பெர்குசன் கலப்பையை மூன்று முனைகளில் இணைக்கும் முறையைக் கண்டுபிடித்து அந்த ஆபத்தைக் குறைத்தார். இன்றும் டிரெய்லரையோ மரத்தையோ இழுக்கும்போது, தாழ இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். உயர மாட்டினால் வண்டி மல்லாந்துவிடும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது.

ஒரு புத்தகத்தில் எழுதிய கதை

இப்பொழுது பின்வரிசை அண்ணனுக்குப் பதில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே பால் டேங்கை இழுக்க ஓர் உயரமான டிராக்டர் இருந்தது. ஓட்டுகிறவரின் தலைக்கு மேல் இருக்கவேண்டிய இரும்புச் சட்டத்தை, கிளையில் இடிக்கிறதென்று கழற்றி ஸ்டோரில் சாத்தி வைத்திருந்தார்கள். ஒருநாள் அதை ஓட்டும் அண்ணன் ஆபீஸ் ஜன்னலண்டை வந்தார்.

"தம்பி, டேங்கு ரொம்பி இருந்தாலும் பயமில்ல, காலியா இருந்தாலும் பயமில்ல. பாதியா இருக்கிறப்பதான் வளைவுல பாலு ஒரு பக்கமா வந்து மோதுது. வண்டியவே தூக்குது. பெரியவங்ககிட்ட சொல்லுங்க."

நாம் அதைப் புத்தகத்தில் எழுதினோம். மாதக் கடைசி, செக்ரோல் கணக்கு முடியவில்லை. எழுதியதோடு நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். வாயால் சொல்லவில்லை. பதினொரு நாள் கழித்து, ஒரு மழைக் காலையில், வளைவில் பால் ஒரு பக்கமாகப் பாய்ந்து டேங்கு சாய்ந்தது. டிராக்டரையும் இழுத்துக்கொண்டு போனது. அண்ணன் அடியில் இருந்தார். விசாரணைக்கு அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தோம். நம் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

கிராணிக்கு டிராக்டரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டீர்கள். இவ்வளவு தெரியும்.

அந்த டேங்குக்குள் நீளவாட்டில் இரண்டு தகடுகள் வைத்திருந்தால் பால் அப்படிப் பாய்ந்திருக்காது. சட்டம் தன் இடத்தில் இருந்து, இடுப்பில் பெல்ட்டும் இருந்திருந்தால் வண்டி கவிழ்ந்தாலும் ஆள் பிழைத்திருப்பார். சுவீடன் நாட்டில் 1959 முதலே புதிய டிராக்டருக்கு அந்தச் சட்டம் கட்டாயம். அதன்பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர் தொகை வெகுவாகக் குறைந்தது. சட்டம் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போட வேண்டும். சட்டம் இல்லாவிட்டால் அந்த வண்டியை மேட்டில் ஏற்றவே கூடாது. நாம் பார்த்த பெரிய வண்டியில் சட்டம் இல்லை. "பட்டறையில் ஒட்டிக்கொள்ளலாம்" என்கிறார்கள். கூடாது. அது வண்டியின் எடைக்கென்று செய்து, பரிசோதித்த சட்டமாக இருக்கவேண்டும்.

முதலாளி யார்?

இன்னொரு விஷயம். 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்பான இயந்திரம் கொடுப்பது முதலாளியின் கடமை. 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பிலிருக்கும் விதிப்படி, உயிருக்கு உடனடி ஆபத்தென்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகலாம். இதைக் கேட்டுக் கைதட்டுகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் நம் கூட்டு டிராக்டரில் சம்பளத்துக்கு ஓட்டப்போகிற பையனுக்கு முதலாளி யார்? நாம்தான்! துரையிடம் நாம் கேட்டதையெல்லாம் இனி அவன் நம்மிடம் கேட்பான். மலிவென்று சட்டமில்லாத வண்டியில் அவனை ஏற்றினால், நாம் இத்தனை காலம் குறை சொன்னவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே மூன்று யோசனைகளை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று: விரலுக்குத் தகுந்த வீக்கம், 35 குதிரைச் சக்தி வண்டியையே வாங்குவோம். பணம் போதாவிட்டால் ஆறு மாதம் பொறுப்போம். இரண்டு: டிராக்டரில் ஒரு சீட்டு, ஒரு ஆள். மட்கார்டில் குந்திக்கொண்டோ, டிரெய்லரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டோ போகக் கூடாது. மூன்று: ஓட்டுகிறவர் "இன்று வேண்டாம்" என்றால் அன்று வேண்டாம். அவர் சொல்லும் குறையைப் புத்தகத்தில் எழுதுவோம்; எழுதிய அன்றே அதை எல்லோர் முன்னும் வாய்விட்டுப் படிப்போம். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்ளும் பொறுப்பை நமக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனிக் கை தூக்க வேண்டியது நீங்கள்.