சாத்தம் வீட்டில் யாருடைய கதை?



விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்கிறாங்க. இன்றைக்கு ஓர் இடம் சொல்றேன். வாஷிங்டனிலிருந்து தெற்கே சுமார் 50 மைல், வர்ஜீனியாவின் ஃபிரெடெரிக்ஸ்பர்க். நகரத்துக்கு எதிரே, ராப்பஹானக் ஆற்றின் மறுகரை மேட்டில் ஒரு பெரிய செங்கல் வீடு இருக்கிறது. பெயர் சாத்தம். தேசியப் பூங்கா சேவை பராமரிக்கிறது. உள்ளே போகக் காசு வாங்கறதில்லை. ரேஞ்சர்களும் தன்னார்வலர்களும் கதை சொல்வாங்க. கோடை மாலைகளில் அந்தப் போர்க்களப் பூங்கா நடத்தும் வரலாற்று நடைகளும் இலவசம்தான்.

1862 டிசம்பரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரும் போர் நடந்தது. வடக்குப் படையில் மட்டும் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள், காயப்பட்டார்கள், காணாமல் போனார்கள். இந்த வீடு ராணுவ மருத்துவமனை ஆனது. கிளாரா பார்ட்டன் இங்கே காயக்காரர்களைப் பராமரித்தார். காயப்பட்ட தம்பியைத் தேடி வந்த கவிஞர் வால்ட் விட்மன், வீட்டு முன் மரத்தடியில் வெட்டியெடுத்த கைகால்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். இதெல்லாம் யார் போனாலும் சொல்லுவாங்க. சொல்ல வேண்டியதும்தான்.

ஆனால் நான் கேட்கச் சொல்றது வேற கேள்வி. இந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தது யார்? துணி துவைத்தது யார்?

வில்லியம் ஃபிட்ஸ்ஹ்யூ என்ற பணக்காரர் 1771 வாக்கில் கட்டி முடித்த பண்ணை வீடு இது. நூறு பேருக்கு மேல் இங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தார்கள். 1805 ஜனவரியில், கிறிஸ்துமஸ் விடுப்பு முடியுமுன்னே வேலைக்கு வரச் சொன்ன கங்காணியை அவர்கள் பிடித்துச் சாட்டையால் அடித்தார்கள். ஆயுதத்தோடு வந்த கும்பல் அவர்களை அடக்கியது. ஒருவருக்கு மரண தண்டனை. தப்பி ஓட முயன்ற இருவர் செத்துப் போனார்கள். கங்காணி என்ற சொல்லை மலையகத்திலிருந்து வந்த தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு 1857. வீட்டின் அன்றைய உரிமையாளர் ஹன்னா கோல்டர் இறந்தார். தன் அடிமைகளுக்கு விடுதலை, போவதா இருப்பதா என்று அவர்களே தேர்ந்துகொள்ளலாம் என உயில் எழுதியிருந்தார். உயில் நீதிமன்றத்துக்குப் போனது. அடிமைக்குத் தேர்வு செய்யும் சட்ட உரிமையே கிடையாது என்று வர்ஜீனியா உயர் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தொண்ணூறு பேருக்கு மேல் மறுபடியும் சொத்து ஆனார்கள்.

அவர்களில் ஒருவர் எலன் மிட்செல், சலவைக்காரர். தீர்ப்பை அவர் வாய்மூடி ஏற்கவில்லை. வடக்கு நகரங்களுக்குப் போய்த் தன் கதையை மேடையில் சொல்லிப் பணம் திரட்டினார். அந்தப் பணத்தில் தன் விடுதலையைத் தானே வாங்கினார். பேச்சு ஒன்றும் செய்யாது என்று சலிக்கிறோமே தோழர்களே, ஒரு பெண் பேசியே விடுதலை வாங்கினார். தன்னுடைய உடலுக்கே விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். அதையும் மறக்கக் கூடாது.

இதை ஏன் இப்போது சொல்றேன்? 2025 மார்ச்சில் அதிபர் ட்ரம்ப், பொது வரலாற்றுத் தலங்களில் அமெரிக்கர்களை இழிவாகக் காட்டும் உள்ளடக்கத்தை நீக்க ஆணை போட்டார். அதன்பின் பூங்காக்களில் அறிவிப்புகள் வந்தன. அமெரிக்கர்களைக் குறைத்துப் பேசும் பலகையைப் பார்த்தால் புகார் செய்யுங்கள் என்று பார்வையாளரிடம் கேட்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் பூங்கா ஊழியர் சுமார் ஆயிரம் பேர் வேலையிழந்தார்கள். எலனின் கதை யாரைக் குறைத்துப் பேசுகிறது? அவரை விலைபேசியவரை. அவரும் அமெரிக்கர்தானே, எலனும் அமெரிக்கர்தானே!

போர்க்களத்தின் கதையை வென்றவன் மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்று முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு நமக்குத் தெரியும்.

இலவசம் என்றால் யாரோ தானம் பண்றது இல்லை. நம்ம வரிப்பணம். அதனால் உரிமையோடு போங்க. பிள்ளைகளைக் கூட்டிப் போங்க. ரேஞ்சரிடம் மரியாதையாக, எல்லார் காதிலும் விழும்படி, “எலன் மிட்செல் பற்றிச் சொல்லுங்க” என்று கேளுங்க. நல்லாச் சொன்னால் நன்றி சொல்லுங்க, அவருக்கும் அது தெம்பு. கருத்து எழுதும் படிவம் இருந்தால், இந்தக் கதைக்காகத்தான் வந்தோம் என்று எழுதிவிட்டு வாங்க. குறை சொல்றவங்க மட்டும்தான் எழுதணும் என்று சட்டம் இல்லை.