பூட்டினால் வதந்தி சாகுமா?

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் சொல்லேர் உழவர்களே! ராத்திரி பத்து மணிக்கும் கொட்டாவி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் விளாத்திகுளத்துப் பெருமக்களே!

"இணையத்துக்கு அரசு போடும் பூட்டு, மக்களைக் காக்கவா? மக்கள் வாயை அடைக்கவா?" இதுதான் தலைப்பு. அடைக்கத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி கேட்டார்: "அஞ்சு நாள் நெட்டு இல்லேன்னா குடியா முழுகிப்போச்சு? புருஷனும் பொண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசியிருப்பாங்கல்ல?" பேசினோம் அம்மா. முதல் நாள் நன்றாகப் பேசினோம். ரெண்டாம் நாள், கல்யாணத்தில் எங்க வீட்டார் பந்தியில் என்ன குறை வைத்தார்கள் என்று பேச்சு போனது. மூணாம் நாள் என் மனைவியே, "ஏங்க, எப்பங்க நெட்டு வரும்?" என்று கேட்டுவிட்டாள். (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். அந்த அஞ்சு நாளில் இந்த ஊரில் இருந்தவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். பாருங்கள் நடுவர் அவர்களே, பாதிக் கூட்டம் கை தூக்குகிறது. இவர்களெல்லாம் என் சாட்சிகள்.

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து மக்கள் ஊர்வலம் போனார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 உயிர்கள் போயின. மறுநாள் 23-ஆம் தேதி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்துக்கும் இணையத்தை நிறுத்தச் சொல்லி அரசு ஆணை போட்டது. 27 வரைக்கும் என்று போட்டார்கள். காரணம்? ஆத்திரமூட்டும் செய்திகள் பரவுகின்றன. நெல்லைக்கும் குமரிக்கும் முன்னதாகவே திரும்பக் கொடுத்துவிட்டார்கள். நமக்குத்தான் கடைசி. அடிபட்டவனுக்குத்தானே ஐயா முதல் தண்ணி கொடுக்கணும்?

அப்போது கோடை விடுமுறைக்கு நான் இங்கே தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தேன். அவள் மகன், என் மருமகப்பிள்ளை, பிளஸ் டூ தேறியிருந்தான். பொறியியல் கலந்தாய்வு முழுக்க ஆன்லைனுக்கு மாறிய முதல் வருஷம் அது. மே 30-க்குள் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பயல் நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று இருந்துவிட்டான். செல்போன் செத்துப்போனது. பிரவுசிங் சென்டருக்குப் போனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓனர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தங்கச்சி அழுகிறாள். "அண்ணே, இவன் படிப்பு என்னண்ணே ஆகும்?" தமிழில் டாக்டர் பட்டம் வாங்கியவன் நான், என்னிடம் என்ன பதில் இருக்கிறது?

யாரோ சொன்னார்கள், விருதுநகர் மாவட்டத்தில் நெட் இருக்கிறதென்று. பயலையும் சான்றிதழ்களையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன். நாகலாபுரம் தாண்டியது. கரிசல் காடு, சீமைக் கருவேலம், பொட்டல் வெயில். மாவட்ட எல்லையைத் தாண்டியதுதான் தாமதம், பஸ்ஸில் இருந்த அத்தனை செல்போனும் ஒரே நேரத்தில் கிணுகிணு என்று அலறியது. டிரைவர் பயந்துபோய் பிரேக் போட்டுவிட்டார். (சிரிப்பு)

எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவர். மடியில் மிளகாய் வத்தல் மூட்டை. விலைக்குப் போடக் கொண்டுபோகிறார். எழுதப் படிக்கத் தெரியாது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகன் குரலைப் பேசி அனுப்புவான், இவரும் குரலிலேயே பதில் அனுப்புவார். அவர் பொத்தானை அமுக்குகிறார், சத்தத்தைக் குறைக்கத் தெரியவில்லை, பஸ் முழுக்கக் கேட்கிறது. "அப்பா, நல்லா இருக்கீங்களா? டிவியில தூத்துக்குடின்னு காட்டுறான்." அடுத்தது. "அப்பா, ஏன் பேச மாட்டேங்குறீங்க? தங்கச்சி வீடு தூத்துக்குடியிலதானப்பா? மாப்பிள்ளை வேலைக்குப் போனாரா?" அடுத்தது. அதில் பேச்சே இல்லை. அழுகிறான். வெறும் அழுகை.

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். பெரியவர் செல்போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "நல்லாத்தான்யா இருக்கோம், தங்கச்சியும் நல்லா இருக்கா, நெட்டைப் புடுங்கிட்டானுவய்யா" என்றார். நடுவர் அவர்களே, அந்தக் கிழவரா ஆத்திரமூட்டும் செய்தி அனுப்புகிறவர்?

எதிரணித் தம்பி ஒரு வலுவான கேள்வி கேட்டார், அதை நான் ஒதுக்க மாட்டேன். அதே 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸப் வதந்தி. உண்மை. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஆனால் தம்பி, பொய் எந்தச் செல்போனில் வந்ததோ, அது பொய் என்று காவல்துறை சொல்வதும் அதே செல்போனில்தானே வந்து சேர வேண்டும்? பூட்டுப் போட்டால் மறுப்புதான் நிற்கும். பொய்க்குக் கால் இருக்கிறதே, அது நடந்தே போகும்!

அந்த அஞ்சு நாள் இந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். ஒவ்வொரு டீக்கும் சாவு எண்ணிக்கை ஏறியது. ஒருத்தர் அம்பது என்பார், வடை முடிவதற்குள் இன்னொருத்தர் நூறு என்பார். "டிவியில 13-ன்னுதான சொல்றான்?" என்று நான் கேட்டேன். "சார், மறைக்கிறதுக்குத்தான நெட்டை நிறுத்தியிருக்கான்?" என்றார் டீ மாஸ்டர். வாயடைத்துப்போனேன். அரசு மெய் சொன்னபோதும் நம்ப ஆளில்லை, பார்த்தீர்களா?

எட்டயபுரம் இங்கிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரம். அந்த மண்ணில் பிறந்த பாரதி புதுச்சேரியிலிருந்து நடத்திய 'இந்தியா' பத்திரிகையை வெள்ளைக்காரன் தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தான். 1910-ல் அது நின்றே போனது. 1921-ல் பாரதி மறைந்தார். விட்டானா? 1928-ல் அவர் பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தான். ஆனால் ஒன்று பாருங்கள்: அன்றைய சட்டப்படி, பறிமுதல் செய்தால் காரணத்தையும் சேர்த்து அரசிதழில் அச்சடித்தாக வேண்டும். அச்சடித்ததால்தான் சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து நின்று கேள்வி கேட்க முடிந்தது.

இப்போது? ஒரு இணையதளத்தை முடக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 69-ஏ என்று ஒரு பிரிவு. அதற்கு 2009-ல் விதிகள் போட்டார்கள். அதில் 16-ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? யார் புகார் கொடுத்தார், என்ன நடவடிக்கை எடுத்தோம், எல்லாம் ரகசியம்! வெள்ளைக்காரன் அரசிதழில் போட்டான் ஐயா! நம்மாள் ரகசியம் என்கிறான்! (பலத்த கைதட்டல்)

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக ஆசிரியரைச் சட்டசபை சிறைக்கு அனுப்பியது. தவறுதான். ஆனால் அனுப்பியது யார், எதற்கு என்று ஊருக்கே தெரிந்தது, ஊரே கேட்டது. 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி அதே விகடனின் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. முன்கூட்டி எந்த அறிவிப்பும் வரவில்லை என்றது நிர்வாகம். பிரதமரைக் கேலி செய்த ஒரு சித்திரம் காரணம் என்பது அப்புறம்தான் துலங்கியது. ஒரு பக்கத்துச் சித்திரத்துக்கு மொத்தக் கடைக்கும் பூட்டு! மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. விகடனுக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு. என் வத்தல் மூட்டைப் பெரியவருக்கு?

நான் அதிகம் கேட்கவில்லை. காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரி 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: இணையத்தை நிறுத்தினால் அந்த ஆணையை வெளியிடு. 2024-ல் வந்த புதிய விதிகளிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். அதே நியாயம் முடக்கப்படுகிற இணையதளத்துக்கும் வேண்டாமா? இந்த ஊர்த் தாலுகா ஆபீஸ் சுவரில் புளியமர ஏல நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். எந்த மரம், எத்தனை மரம், கையெழுத்து யார், எல்லாம் இருக்கிறது. புளியமரத்துக்குக் கிடைக்கிற மரியாதை எங்களுக்கும் வேண்டும் என்கிறேன்!

நடுவர் மணியை அடித்துவிட்டார். காரணத்தோடுதான் அடித்திருக்கிறார், நேரம் முடிந்தது. (சிரிப்பு) அந்தப் பயல் என்ன ஆனான் என்று முன் வரிசையில் ஒரு தாயார் கேட்கிறார்கள். அருப்புக்கோட்டையில் பதிவு செய்தோம் தாயே, இடம் கிடைத்தது, படித்து முடித்துவிட்டான். அமர்கிறேன்.