ரோஸ் ஹெய்ல்பிரானும் குறுக்கு விசாரணையும்

குறுக்கு விசாரணையில் பேரெடுத்த ஒரு பாரிஸ்டர், பின்னாளில் நீதிபதியாகி, அதே குறுக்கு விசாரணைக்கு வரம்பு கட்டச் சொன்னார். இங்கிலாந்தின் ரோஸ் ஹெய்ல்பிரான்தான் அவர்.

1914இல் லிவர்பூலில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முதல் வகுப்பில் தேறினார். 1939இல் பாரிஸ்டர் ஆனார். பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று 1919ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்துவிட்டிருந்தது. ஆனாலும், பெண்ணை நம்பி வழக்கை ஒப்படைப்பவர்கள் குறைவு. உலகப் போர் மூண்டு ஆண் வழக்கறிஞர்கள் பலர் படைக்குப் போனபோது, இவரைத் தேடி வழக்குகள் வந்தன. 1949இல், 34 வயதில், கிங்ஸ் கவுன்சல் என்னும் மூத்த வழக்கறிஞர் தகுதி கிடைத்தது. இங்கிலாந்தில் அதைப் பெற்ற முதல் பெண்கள் இருவர்: இவரும் ஹெலினா நார்மண்டனும்.

அடுத்து வந்தது கேமியோ வழக்கு. லிவர்பூலில் கேமியோ என்ற சினிமா கொட்டகையின் மேலாளரும் துணை மேலாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் கெல்லிக்காக ஹெய்ல்பிரான் வாதாடினார். முதல் விசாரணையில் ஜூரிகளுக்குள் உடன்பாடு வரவில்லை. மறு விசாரணையில் தூக்குத் தண்டனை. 1950 மார்ச்சில் நிறைவேற்றியும் விட்டார்கள். கெல்லி தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சாட்சி சொன்னவர்களில் ஒரு சிறைக் கைதியும் உண்டு. அதே கைதி, அதற்கு முன்பே, வேறொருவர் தன்னிடம் ஒப்புக்கொண்டதாகப் போலீசில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். அந்தத் தாள் கெல்லி தரப்புக்குக் கொடுக்கப்படவே இல்லை. சாட்சிக் கூண்டில் அவரை மடக்க அதைவிட வேறென்ன வேண்டும்? 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கெல்லியின் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. அப்போது ஹெய்ல்பிரானுக்கு 88 வயது.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குக் குறுக்கு விசாரணை உயிர் காக்கும் ஆயுதம் என்பதை இவரைவிடக் கண்கூடாகக் கண்டவர்கள் குறைவு. அதனால்தான், இவர் அதற்கு வரம்பு வேண்டும் என்றபோது அந்தச் சொல்லுக்குத் தனி எடை இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

1972இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் பெண் இவர். 1974இல் உயர் நீதிமன்ற நீதிபதி. மறு ஆண்டே ஒரு கொந்தளிப்பு. பெண் சம்மதிக்கிறாள் என்று ஒருவன் உண்மையாகவே நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை நியாயமற்றதாக இருந்தாலும் அது பாலியல் வன்முறை ஆகாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது; அதுவே அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம். நாடெங்கும் கண்டனம். பாலியல் வன்முறைச் சட்டத்தை ஆராய அரசு அமைத்த குழுவுக்கு ஹெய்ல்பிரான் தலைவர்.

அன்றைய நீதிமன்றத்தில் புகார் கொடுத்த பெண் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். இதற்கு முன் யாருடன் பழகினாய், எத்தனை பேருடன் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். நடந்த குற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. மறுநாள் பத்திரிகையில் பெயரும் வந்துவிடக்கூடும். இதற்குப் பயந்தே புகார் கொடுக்காமல் இருந்த பெண்கள் எத்தனையோ பேர்.

புகார் கொடுத்த பெண் வேறு ஆண்களுடன் பழகியதைப் பற்றி நீதிபதியின் அனுமதியில்லாமல் கேட்கக் கூடாது. அவள் பெயரை வெளியிடக் கூடாது. குழுவின் அறிக்கையை அடுத்து 1976இல் வந்த சட்டம் இந்த இரண்டுக்கும் வழி செய்தது. அனுமதி என்ற கதவை நீதிபதிகள் பலர் தாராளமாகத் திறந்துவிட்டது எனக்கு வருத்தம் தரும் செய்தி. 1999இல் இன்னொரு சட்டம் போட்டுத்தான் அதை இறுக்க வேண்டியிருந்தது. பெயரை வெளியிடாத பாதுகாப்பு மட்டும் அங்கே இன்றுவரை நிலைத்திருக்கிறது.